குணமணியின் பெயரில் வந்தது யார்?

அத்தியாயம் 4

"பேய்க்குப் பாஸ்வேர்ட் வேணுமோ அக்கா?" என்று கேட்டான் தவராசா.

கேட்ட கையோடு தானே சிரித்தும் வைத்தான். நிவாரண நிலையத்துக் கொம்பியூட்டருக்குள் பேய் வந்து போகிறது என்ற கதை ஊருக்குள் பரவியிருந்தது.

கூட நடந்த கமலாதேவி சிரிக்கவில்லை. அவர் லேசில் சிரிக்கிற ஆள் இல்லை. திருகோணமலை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக ஆயுளில் பாதியைக் கழித்தவர். மூன்று மொழியிலும் சொல்லப்பட்ட பொய்களைக் காது புளிக்கக் கேட்டுவிட்டு, ஓய்வூதியம் கிடைத்ததும் துப்பறியும் தொழிலில் இறங்கியவர். தவராசா அவருடைய உதவியாளன். கொம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருந்தவன். சண்டை மறுபடி தொடங்கி ஊர் பொழுதுபடுமுன்னமே கதவடைக்கப் பழகியதும், கடையை மூடிவிட்டு இவரோடு ஒட்டிக்கொண்டான். அவனுக்குப் பயம் கூடக்கூட வாயும் நீளும். இன்றைக்கு அது காலையிலிருந்தே நீண்டுகொண்டிருந்தது.

ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தது அந்த நிவாரண நிலையம். துறைமுகத்துக்குள் எதிரிச் சுழியோடிகள் முக்குளித்து வந்துவிடக் கூடாதென்று கடற்படை தண்ணீருக்கடியில் வெடி போட்டுக்கொண்டிருந்தது. இருந்தாற்போல் 'தொம்' என்று நிலம் அதிர, யன்னல் கண்ணாடிகள் நடுங்கும். எங்களுக்குப் பழகிவிட்டது என்று ஊர்ச்சனம் சொல்லிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு தரமும் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒரு கணம் நிறுத்திவிட்டுத்தான் தொடர்வார்கள்.

பணிப்பாளர் பாக்கியரத்தினம் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தபடி வாசலிலேயே நின்றார்.

"வாங்கோ, வாங்கோ. பின்னேரம் வெளிநாட்டுக் குழு வருது. அதுக்கு முதல் எனக்கு விடை வேணும்."

"முதல் கேள்வியைச் சொல்லுங்கோ," என்றார் கமலாதேவி.

பணிப்பாளர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். நிலையத்தில் இரண்டு விபரங்கள் பதிவாகின்றன. ஒன்று, இடம்பெயர்ந்த குடும்பங்கள் அரிசி எடுக்கிற நிவாரண அட்டை, ஊர்ப்பேச்சில் காட். மற்றது, காணாமல் போனவர்களின் பெயர்கள். இரண்டையும் ஒரே தரவுத்தளத்தில் அமைத்துக் கொடுத்தவர் இங்கே கொம்பியூட்டர் அதிகாரியாக இருந்த குணமணி. தைப்பொங்கல் முடிந்த கிழமை, வேலைக்கு வருகிற வழியில், அந்தக் குணமணியையே வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது வைகாசி. ஒரு தகவலும் இல்லை.

"குழுவிட்டை நாங்கள் பேர் குடுத்தா, தடுப்பு முகாம் முகாமாப் போய் அந்தப் பேரைச் சொல்லிக் கேப்பினம். பேர் இல்லாத ஆளைக் கேக்க மாட்டினம். அந்தப் பேர்தான் இப்ப ஒவ்வொண்டா மறையுது. போன கிழமை குணமணியின்ர பேரும் இல்லாமப் போச்சு."

"ஆர் அழிச்சது?"

பணிப்பாளர் விறாந்தைப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டார். "கொழும்பில இருந்து வந்த பொடியன் ஒருத்தன் பாத்துச் சொன்னான். குணமணியின்ர பேரில ஒவ்வொரு நாளும் மத்தியானம் ஆரோ உள்ளுக்கு வரினமாம். குணமணியைக் கொண்டுபோனவங்கள் பாஸ்வேர்டை வாங்கியிருந்தாங்கள் எண்டா..."

எப்படி வாங்கியிருப்பார்கள் என்று அவர் சொல்லவில்லை. அந்த ஊரில் அதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

விறாந்தையில் கிடந்த மரவாங்கில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தாள். குணமணியின் மனைவி புஸ்பராணி. சல்லிக் கிராமத்திலிருந்து விடியப்புறம் வந்து, இரண்டு சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி, அவர்களுக்கு முன்னமே வந்து காத்திருந்தவள். தவராசாவும் குணமணியும் ஒரே வாத்தியாரிடம் கொம்பியூட்டர் படித்த கூட்டாளிகள் என்பது அவளுக்குத் தெரியும்.

"தம்பி, உள்ளுக்கு வாறது அவர்தானே? எங்கயோ வைச்சுக் கொம்பியூட்டர் வேலை வாங்கிறாங்களாக்கும். அப்ப உயிரோட இருக்கிறார் எண்டுதானே?"

தவராசாவுக்கு எப்போதும் நாக்கு நுனியில் ஒரு பகிடி தயாராக இருக்கும். அந்த நேரம் அதை விழுங்கிக்கொண்டான்.

"பாத்திட்டுச் சொல்றன் அண்ணி," என்றான்.

அவள் திரும்பிப் போய் வாங்கில் இருந்தாள். அவள் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது.

குணமணியின் அறை அவன் விட்டுப்போனபடியே கிடந்தது. மேசையடியில் அவன் இருந்த கதிரையில் வேறு யாரும் குந்துவதில்லையாம். மேசைக்குக் கீழே அந்தத் தரவுத்தளம் ஓடுகிற பெட்டி தனியாக முனகிக்கொண்டிருந்தது. கதவடியில் நின்றாள் பதிவு செய்யும் அன்னப்பிள்ளை. இலங்கைத்துறை என்ற ஊரிலிருந்து சண்டைக்குள் இடம்பெயர்ந்து வந்து, வந்த இடத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவள். உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தவராசா கதிரையைப் பார்த்தான், கமலாதேவியைப் பார்த்தான், பிறகு நின்றபடியே தட்டத் தொடங்கினான்.

"ஆர் அழிச்சது எண்டு பிறகு பாப்பம்," என்றார் கமலாதேவி. "முதல், ஆரால அழிக்க ஏலும் எண்டு பார்."

அதுதான் அவருடைய வழி. நீதிமன்றத்தில் இருந்த காலத்திலும் களவு போன வீட்டைப் பற்றிக் கதைக்குமுன் அந்த வீட்டுச் சாவிகளைப் பற்றித்தான் விசாரிப்பாராம்.

பெரிய பாஸ்வேர்ட் குணமணிக்கு மட்டுமே தெரிந்தது. தவராசா தரவுத்தளத்தை ஒருதரம் நிறுத்தி, பாஸ்வேர்ட் கேட்காத மாதிரித் திரும்பத் துவக்கினான். உள்ளே உரிமைகள் பதிந்திருந்த இடத்தைத் திறந்தான். யார் யார் வரலாம், வந்தால் எந்த அட்டவணையைத் தொடலாம், பார்க்க மட்டுமா, எழுதவுமா, அழிக்கவுமா எல்லாம் அங்கே இருந்தது.

"பணிப்பாளர். பாக்க மட்டும்." திரும்பிப் பார்த்தான். "சேர், உங்கட கந்தோரில வேலை செய்யிற ஒருத்தரும் உங்களை நம்பேல்லை."

"நான்தான் அப்பிடிப் போடச் சொன்னனான். எனக்குக் கை நடுக்கம்."

"கெட்டிக்காரன் சேர் நீங்கள். அடுத்தது அன்னப்பிள்ளையக்கா. எழுதலாம், திருத்தலாம். அழிக்கிறது காட் அட்டவணையில மட்டும்."

"ரெண்டு காட் வைச்சிருக்கிற குடும்பத்தின்ர ஒண்டை வெட்டவேணுமே, அதுக்கு," என்றாள் அன்னப்பிள்ளை. "காணாமல் போனவையின்ர பேரைத் தொட எனக்கு ஏலாது மகன். குணமணித் தம்பி அதைப் பூட்டித்தான் வைச்சவர்."

"ஓம், பூட்டித்தான் இருக்கு. கந்தோரில வேறை ஆருக்கும் திறப்பில்லை." தவராசா கடைசி வரிக்கு வந்தான். "அந்த அட்டவணையில அழிக்க, ஏன், அட்டவணையையே இல்லாமல் செய்ய உரிமை உள்ள ஆள் ஒரே ஒருத்தர்தான்."

பெயரை அவன் வாசிக்கவில்லை. திரையில் எல்லோருக்கும் தெரிந்தது. குணமணி.

கீழே துறைமுகத்தில் ஒரு வெடி. அறை குலுங்கி அடங்கியது.

"அப்ப அவர்தான்," என்றாள் அன்னப்பிள்ளை மெல்ல. "நான் அண்டைக்கே சொன்னனான். அந்தரிச்ச ஆவி. தனியப் போக மனமில்லாமல் மற்ற ஆம்பிளையளையும் கூப்பிடுது. அதுவும் கலியாணம் முடிச்ச ஆக்களாப் பாத்து."

கமலாதேவி சடாரென்று திரும்பினார். "என்ன சொன்னீங்கள்?"

"மறைஞ்ச பேர் முழுக்கக் குடும்பஸ்தர்தான் அம்மா. பொடியள் ஒருத்தரும் இல்லை. பெண்பிள்ளையளும் இல்லை."

கமலாதேவி யன்னலடிக்குப் போய் நின்றுகொண்டார். பணிப்பாளருக்குப் பொறுமை எல்லை கடந்துவிட்டது.

"அவன்ர கணக்கை இப்பவே அழியுங்கோ. ஆவியோ ஆமியோ, எனக்கு வேண்டாம்."

"மத்தியானம் வரைக்கும் பொறுங்கோ சேர்," என்றார் கமலாதேவி. "வாறவரை ஒருக்கா முகம் பாத்திட்டு அனுப்புவம்."

தவராசா தரவுத்தளத்தைப் பழையபடி பாஸ்வேர்ட் கேட்கும்படி ஓடவிட்டு, அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர்களைக் காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்தான். மத்தியானம் வந்தது. சாப்பாட்டுப் பார்சல்கள் பிரிக்கப்படாமல் மேசையில் கிடந்தன. கந்தோரில் இருந்த மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். வெளியே நல்ல வெயில். தவராசா திரையைவிட்டுக் கண் எடுக்கவில்லை.

"வராட்டி நல்லது," என்று முணுமுணுத்தான். "வந்தா வணக்கம் சொல்லுறதோ, எங்கயடா போனனி எண்டு கேக்கிறதோ..."

திரையில் ஒரு வரி கூடியது. குணமணி.

"வெருகல் முருகா!" அன்னப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டாள்.

"எங்கயிருந்து வாறார்? அதையும் காட்டும் எண்டனி," என்றார் கமலாதேவி.

தவராசா பெயருக்குப் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தான். இரண்டாம் தரமும் பார்த்தான். "வெளியில இருந்து இல்லை அக்கா. இங்க இருந்துதான்."

"இந்தக் கந்தோரில இருந்தோ?"

"இந்தப் பெட்டிக்குள்ள இருந்து."

நாலு பேரும் மேசைக்குக் கீழே பார்த்தார்கள். பெட்டியின் முனகல் கூடியிருந்தது. அதன் முகத்தில் சின்னச் சிவப்பு வெளிச்சம் படபடவென்று துடித்தது. பக்கத்தில் இருந்த கதிரை வெறுமையாகத்தான் இருந்தது. தவராசா தன்னை அறியாமலே அதைவிட்டு ஓரடி விலகினான்.

"என்ன செய்யிறார்?"

"வாசிக்கிறார்." அவன் திரைக்குக் கிட்டக் குனிந்தான். "காணாமல் போன ஆக்களின்ர பேரை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் வாசிக்கிறார் அக்கா."

கொஞ்ச நேரத்தில் அந்த வரி மறைந்தது. வெளிச்சம் அடங்கியது. வந்தவர் போய்விட்டார்.

தவராசா அப்போதுதான் அந்தக் கதிரையை இழுத்து அதில் இருந்தான். பெட்டிக்குள் நேரம் குறித்து ஓடுகிற வேலைகளைத் தேடினான். தேடியது கிடைத்ததும், இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டான்.

"அடப்பாவி குணம்," என்றான். "இது அவன் செய்து வைச்ச வேலை. தான் லீவிலை நிண்டாலும் நடக்கட்டும் எண்டு போட்டிருக்கிறான். எல்லாரும் சாப்பிடப் போற நேரம் பெட்டிக்குப் பாரமில்லை. அந்த நேரம் அவன்ர பேரில தானா உள்ளுக்குப் போய், எல்லாத்தையும் வாசிச்சு, மற்ற டிஸ்க்கில ஒரு படி எடுத்து வைக்குது. ஆள் போன பிறகும் ஒரு நாள் விடாமல் எடுத்திருக்கு."

பணிப்பாளர் கதவோடு சாய்ந்துவிட்டார்.

"அப்ப மறைஞ்ச பேரெல்லாம்?"

"அந்தப் படிகளில இருக்கு சேர். காலமை நீங்கள் சொன்னபடி நான் இவன்ர கணக்கை அழிச்சிருந்தா, இண்டையில இருந்து அதுவும் நிண்டிருக்கும்."

ஆளைப் பிடித்துக்கொண்டு போனவர்களால் நிறுத்த முடியாத ஒரு வேலையை, கூட வேலை செய்தவர்களே நிறுத்தப் பார்த்தார்களே என்று தவராசா நினைத்துக்கொண்டான். ஆனால் அதோடு விசயம் முடியவில்லை. அழிக்க உரிமை உள்ள ஒரே ஆள் வாசித்துவிட்டுப் போகிறார். அப்படியானால் அழித்தது யார்?

கமலாதேவி யன்னலை விட்டு வந்தார்.

"தவராசா, ஒரு ஆளின்ர பேரை எழுதேக்க எந்தக் குடும்பக் காட்டில உள்ள ஆள் எண்டும் எழுதவேணுமோ?"

"கட்டாயம். காட் இல்லாட்டி ஆளைப் பதிய விடாது."

"அந்தக் காட்டை வெட்டினா?"

தவராசா விறுவிறுவென்று தட்டினான். அவனுக்கு முன்னால் குணமணி எழுதிய விதி வந்து நின்றது. காட் போனால், அந்தக் காட்டில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அதோடு சேர்ந்து போகவேண்டும். அதற்குத் தனியாக உரிமை கேட்காது. காட்டை வெட்ட உரிமை இருந்தால் போதும்.

அன்னப்பிள்ளையின் முகம் வெளிறிவிட்டது.

"நான் பேரை அழிக்கேல்லை அம்மா. பழைய காட்டைத்தான் வெட்டினனான்."

"ஏன் வெட்டினீங்கள்? கோவிக்காமல் கேக்கிறன். சொல்லுங்கோ."

"காட் புருசன்ர பேரில. அரிசி எடுக்கிறதுக்குக் குடும்பத் தலைவர்தான் கையெழுத்து வைக்கவேணும். அவர் இல்லையெண்டா மனுசியைத் தலைவியா மாத்தலாம். ஆனா மாத்திறதுக்கு அதில ஒரே ஒரு காரணம்தான் இருக்கு. 'இறந்துவிட்டார்.' எந்தப் பொம்பிளை அம்மா அதைப் பதிய விடுவாள்? கையைப் பிடிச்சுக்கொண்டு அழுகிறாளவை. பிள்ளையளுக்கு அரிசியும் வேணும், அவர் செத்தார் எண்டு எழுதவும் வேண்டாம் எண்டா நான் என்ன செய்ய? சரி பிள்ளை, உன்ர பேரில புதுக் காட் போடுறன், உன்னையும் பிள்ளையளையும் அதில எழுதுறன், பழசை வெட்டிவிடுறன் எண்டு..."

சீலைத் தலைப்பை வாயில் அமத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள்.

கமலாதேவி அவள் பக்கத்தில் குனிந்து தோளைத் தொட்டார். "அதுதான் கலியாணம் முடிச்ச ஆக்கள் மட்டும். பொடியளுக்குத் தகப்பன்ர காட். அதை ஒருத்தரும் மாத்தக் கேக்கேல்லை."

பிறகு யாருக்கும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்: "செத்தார் எண்டு எழுத விடாததாலதான் காணாமல் போனவர் எண்டதும் அழிஞ்சு போச்சு."

ஆயுளில் பாதி நீதிமன்றத்தில் நின்றவர். குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டு அவர் இவ்வளவு சோர்ந்துபோய் நின்றதைத் தவராசா அன்றுதான் பார்த்தான்.

அவன் குணமணியின் விதியையே பார்த்துக்கொண்டிருந்தான். குடும்பம் சேர்ந்துதான் வரும், சேர்ந்துதான் போகும் என்று நினைத்து எழுதியிருக்கிறான். ஒரு ஆளை மட்டும் நடு றோட்டில் இழுத்து எடுப்பார்கள் என்று அவன் யோசிக்கவே இல்லை. அந்த விதி கடைசியில் அவனையும் தூக்கியது. அன்னப்பிள்ளை சொன்ன ஆவிக் கதையில், மற்ற ஆம்பிளைகளைக் கூட்டிப் போனது அவன் கைவேலைதான் என்ற அளவுக்கு உண்மை இருக்கத்தான் செய்தது.

அதன் பிறகு தவராசாவின் வாய் ஓய்ந்து கை ஓடியது. படிகளில் இருந்த பெயர்களை எடுத்து அவரவர் மனைவிமாரின் புதுக் காட்டுகளில் சேர்த்தான். காட்டில் ஒரு ஆள் இருக்கும்வரை அதை வெட்ட முடியாதபடி விதியை மாற்றினான். தலைவரை மாற்றும் காரணங்களில் 'காணாமல் போயுள்ளார்' என்று இன்னொன்றைப் போட்டான்.

"இனியாவது அந்தக் கணக்கு..." என்று இழுத்தார் பணிப்பாளர். "இல்லாத ஆளுக்கு அழிக்கிற உரிமை இருக்கிறது நல்லதில்லைத்தானே?"

"நல்லதில்லை. அதை எடுத்துவிடு தவராசா," என்றார் கமலாதேவி. "அழிக்கிறது, மாத்திறது எல்லாத்தையும் எடு. வாசிக்கிறதையும் படி எடுக்கிறதையும் விடு. ஆள் உள்ளுக்கு வந்து போகட்டும்."

"அப்ப அழிக்கிற உரிமை ஆருக்கு?"

"புதுசா ஒரு கணக்கு. பாஸ்வேர்டில பாதி சேரிட்டை, மற்றப் பாதி அன்னப்பிள்ளையிட்டை."

"நல்ல ஏற்பாடு," என்றான் தவராசா. "ரெண்டு பேரும் கோவம் போட்டா ஒண்டும் அழியாது."

அன்னப்பிள்ளை அழுகைக்கு நடுவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

குழுவுக்குக் கொடுக்கவேண்டிய பெயர்கள் அச்சாகி வந்தன. பணிப்பாளர் அவற்றை அள்ளிக்கொண்டு போனார். விறாந்தையில் ஒருத்தி இன்னும் காத்திருந்தாள்.

"நான் சொல்றன்," என்று எழுந்தார் கமலாதேவி.

"இல்லை அக்கா. என்னைத்தான் அவ கேட்டவ."

தவராசா போய் வாங்கில் அவள் பக்கத்தில் இருந்தான். பகிடி இல்லாமல், சுற்றி வளைக்காமல் சொன்னான். உள்ளுக்கு வருவது குணமணி இல்லை, அவன் செய்து வைத்த வேலை என்று சொன்னான். புஸ்பராணி கேட்டுக்கொண்டிருந்தாள். காலையில் அவள் முகத்தில் இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அதை அவன் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டியிருந்தது.

"அப்ப அவரில்லை."

"இல்லை அண்ணி."

"அவர்ர பேரை ஆர் எடுத்தது?"

கதவடியிலிருந்து அன்னப்பிள்ளையின் குரல் வந்தது. "நான்தான் பிள்ளை. தெரியாமல்."

புஸ்பராணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "நான் காட் மாத்தித் தாங்கோ எண்டு வந்து நிண்டனான். அண்டைக்குத்தானே?" என்றாள்.

அன்னப்பிள்ளை தலையை ஆட்டினாள்.

"சோத்துக்கு ஆசைப்பட்டு நானே அவரைத் துலைச்சுப் போட்டன்." புஸ்பராணி எழும்பிவிட்டாள். "என்ர காட்டை வெட்டுங்கோ. எனக்கு அரிசி வேண்டாம். அவர்ர பேரைப் போடுங்கோ தம்பி, இப்பவே போடுங்கோ, வெள்ளைக்காரர் வரமுதல் போடுங்கோ!"

"போட்டாச்சு அண்ணி. குழுவுக்குப் போற பேரில அவனும் இருக்கிறான். உங்கட காட்டை வெட்டத் தேவையில்லை. இந்தாங்கோ, பாருங்கோ."

தவராசா அவளுடைய காட்டின் புதுப் பிரதியைக் கையில் கொடுத்தான். குடும்பத் தலைவி புஸ்பராணி. கீழே மகன், மகள். அதற்குக் கீழே குணமணி, கணவர், காணாமல் போயுள்ளார். அவள் அந்தக் கடைசி வரியில் விரலை வைத்து, எழுத்தெழுத்தாகத் தடவிக்கொண்டு போனாள். பிறகு மேலிருந்து கீழே பெயர்களை எண்ணினாள்.

அன்னப்பிள்ளைக்கு மனம் கேட்கவில்லை. மறுபடி ஒரு பிழை விடப் பயந்தவளாய்க் கிட்ட வந்து சொன்னாள்.

"பிள்ளை, காட்டில அவர் இருந்தாலும் அரிசி மூண்டு பேருக்குத்தான் தருவினம். பிறகு வந்து என்னைக் கோவிக்கக் கூடாது."

புஸ்பராணி காட்டை மடித்துச் சட்டைக்குள் வைத்தாள்.

"அரிசி மூண்டு பேருக்குப் போதும் அக்கா," என்றாள். "பேர் நாலா இருக்கட்டும்."